ஈ ஓட்டும் கை

எங்கள் கணக்குப் பிரிவில் அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மேனேஜர் மாட்டிய சென்சார். ஆள் அசைந்தால்தான் எரியும். கணக்குப் பார்க்கிறவன் எதற்கு அசைவான்? ஒரு கூட்டல் முடிவதற்குள் இருட்டாகிவிடும். கையைத் தலைக்கு மேல் ஆட்டி ஆட்டி எனக்குத் தோள்பட்டையே கழன்றுவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஆட்டுவேன். அது மேனேஜர் காதுக்கும் போயிருக்கும்.

அன்று காலையிலிருந்தே ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. இருப்புக் கொள்ளாமல் மூன்று முறை தண்ணீர் குடிக்கப் போனேன். மேனேஜர் கூப்பிட்டார். அவர் எதிரே கல்லாய் உட்கார்ந்தேன். அவரும் அசையவில்லை. அவர் அறை விளக்கும் அணைந்தது.

"சார், என்னைத்தான் அனுப்புறீங்களா?" என்றேன் இருட்டைப் பார்த்து.

"உங்களையும் இன்னொருத்தரையும் அனுப்பச் சொன்னாங்க. லைட், ஏசி, பேப்பர்னு கட்டடம் முழுக்க மிச்சமானதைக் காட்டினேன். உங்க ரெண்டு பேர் சம்பளம் அதுலயே வந்துடுது. விட்டுட்டாங்க. இப்பவாவது திட்டாம கையை ஆட்டுங்க."

ஆட்டினேன்.

வீட்டில் சாப்பிடும்போதும் கை தானாக மேலே போனது.

"என்னங்க, ஆபீஸ்ல ஈ ஓட்டிப் பழகிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ஈ ஓட்டுற நிலைமை வரக் கூடாதுன்னுதான்டி ஆட்டுறோம்."