லாரி பறக்கட்டும்

அண்ணன் டிவி பிளக்கைப் பிடுங்கியபோது லாரி இன்னும் பாலத்தை எட்டியிருக்கவில்லை. வில்லனின் ஆட்களில் பாதிப் பேர்தான் செத்திருந்தார்கள். திரை இருண்டதும் ஹாலில் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது, பஞ்சரான டியூபை யாரோ அமுக்கி அமுக்கி விடுவதுபோல.

தங்கை எழுந்து போய் பிளக்கை மறுபடி சொருகினாள்.

"டாக்டர் என்ன சொல்லிட்டுப் போனாரு? இன்னிக்குத் தாண்டுறதே கஷ்டம்னாரு. இந்த நேரத்துல வீட்டுல துப்பாக்கிச் சத்தமா?" என்றான் அண்ணன்.

"அவருக்குப் பிடிச்சது ஓடுது. உனக்குப் பிடிச்சதை நீ போறப்ப போட்டுக்க."

கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அத்தை தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். பாதியில் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அது அப்படி ஒரு படம். கதாநாயகன் ஒரு கையால் லாரி ஓட்டுவான், இன்னொரு கையால் சுடுவான், நடுவில் தலை வேறு வாரிக்கொள்வான். கடைசியில் பிரேக் அறுந்த லாரி, இடிந்த பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பறக்கும். வெளியானபோது பத்திரிகைகள் கழுவிக் கழுவி ஊற்றின. பிற்பாடு சினிமா விமர்சகனான அண்ணன், மகா மட்டமான படங்கள் என்று ஒரு கட்டுரை எழுதி, இதற்குத்தான் முதலிடம் கொடுத்தான். அப்பா ஒரு வரி விடாமல் படித்தார். நல்லாத்தான் எழுதியிருக்கான், ஆனா லாரி பறக்குதே என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு லாரிப் பட்டறையில் பிரேக் வேலை. பிரேக் இல்லாத லாரி பறக்காது, ஆளைக் கொல்லும் என்று அவருக்குத் தெரியாதா? ஒருநாள் தங்கை கேட்டே விட்டாள். "நாள் பூரா வண்டியை நிறுத்துறதுதாம்மா என் வேலை. ஒண்ணாவது பறந்துட்டுப் போகட்டுமே," என்றார்.

அந்தக் காட்சிக்கு வீட்டில் ஒரு சட்டம் உண்டு. லாரி பாலத்தைவிட்டுக் கிளம்பும்போது எல்லாரும் காலைத் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும். தூக்காவிட்டால் பாரம் தாங்காமல் ஆற்றில் விழுந்துவிடுமாம். மூட்டுவலி அத்தைக்குக்கூட விலக்குக் கிடையாது. கல்லூரிக்குப் போனதிலிருந்து அண்ணன் மட்டும் வேண்டுமென்றே இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி உட்காருவான். இத்தனை பாரம் ஏத்துறான், அப்பவும் போகுது பாரு என்று அப்பா கைதட்டுவார். அவர் படுத்த படுக்கையான பிறகு, அந்த நேரத்தில் தங்கைதான் அவருடைய குதிகால்களைத் தூக்கிப் பிடிப்பாள்.

சத்தத்தையாவது குறைக்கச் சொன்னான் அண்ணன். அவள் ஒரு புள்ளி கூட்டினாள். அவன் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலோர நாற்காலியில் விழுந்தான்.

லாரி பாலத்துச் சாலைக்குத் திரும்பியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஹாலில் லாரிச் சத்தம் மட்டுமே கேட்கிறது. அத்தை அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு மெல்ல அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

அண்ணன் ரிமோட்டைத் தேடி எழுந்தான்.

"உக்காருண்ணே. முடியட்டும்."

"அப்பா போயிட்டாருடி."

"தெரியும். லாரி இன்னும் போகலை."

அவள் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். வெடித்த குதிகால்கள், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் அந்த வெடிப்புகளில் கறுப்பாக இருந்தது. இன்னும் சூடு இருந்தது. இரண்டையும் உள்ளங்கைகளில் ஏந்தித் தூக்கினாள். அத்தை சத்தமில்லாமல் அழுதுகொண்டே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தன் கால்களையும் தூக்கினாள்.

லாரி பாலத்தைவிட்டுக் கிளம்பியது. படத்தில் எல்லாச் சத்தமும் நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் நாற்காலியில்தான் இருந்தான். கண் திரையில் இருந்தது. கீழே தரையில் அவனுடைய செருப்புகள் மட்டும் தனியாகக் கிடந்தன.