அப்பா போயிட்டார்

“மொதல்ல உங்க அப்பாவைப் பார்த்துட்டு வந்துடலாம் சார்” என்றார் தனசேகரன்.

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அருள்தாஸுக்குப் புரையேறியது.

அருள்தாஸின் சொந்த ஊரான ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் தனசேகரன்தான் மாலைக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர். கையில் ஆளுயர ரோஜா மாலை. பின்னால் கேமராவோடு ஜெயவேல். இன்று கல்லறைத் திருநாள். ஊர்க் கிறிஸ்தவர்கள் எல்லாரும் மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்தில் இருப்பார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர் அருள்தாஸ், செத்துப்போன அப்பாவுக்கு மாலை போட்டுவிட்டு மேடை ஏறினால் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறார் மனுஷர். நல்ல எண்ணம்தான். கல்லறைதான் இல்லை.

அப்பா ஏசுதாஸ் சாகவேயில்லை. அருள்தாஸ் ஒன்பதாவது படிக்கும்போது, வேறொருத்தியோடு குடித்தனம் நடத்த வந்தவாசிக்குப் போனவர்.

பல வருஷம் கழித்து, கோயம்புத்தூரில் முதல் கூட்டம். “ஒன்பதாவது படிக்கிறப்ப அப்பா போயிட்டார்” என்று நிஜத்தைத்தான் சொன்னான். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று உறைத்தது. திருத்த வாய் வரவில்லை. அடுத்த ஊரில் தெரிந்தே சொன்னான். புத்தகத்தில் அது ‘மறைந்தார்’ ஆகிவிட்டது. அந்த முதல் அத்தியாயத்தில்தான் இன்றுவரை பிழைப்பு ஓடுகிறது.

இப்போது தலைவலி என்றான். வெயில் என்றான். எதுவும் தனசேகரனிடம் எடுபடவில்லை. கடைசியில் அம்மா அமலோற்பவத்தின் கல்லறைக்கு அழைத்துப் போனான். ரெண்டு பேரும் ஒரே குழியில் என்று சமாளித்துவிடலாம்.

அங்கே ஒரு கிழவர் குந்தியிருந்தார். காற்றில் அணையாமல் மெழுகுவத்தியைக் கையால் மறைத்தபடி நிமிர்ந்தார். அருள்தாஸ் தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே மூக்கு.

ஓடிவிடலாமா? ஜெயவேலின் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தனசேகரன், யார் நீங்கள் என்று விசாரித்தார். கிழவர் மகனைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். மகனின் பேச்சைச் செல்போனில் கேட்டிருப்பார் போல.

“இவங்க அப்பாவத் தெரியும்ங்க. ஒரே எடத்துல தறி வேலை பார்த்தோம்.”

அருள்தாஸுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. கல்லில் அம்மா பேர் மட்டும் இருப்பதைத் தனசேகரன் கவனித்துவிட்டார். கீழே இடம் இருக்கிறதே, அப்பா பேரையும் இன்றைக்கே செதுக்கிவிடலாம் என்று கல் கொத்துகிறவருக்குப் போனே போட்டுவிட்டார். பேர் ஏசுதாஸ். சரி, வருஷம்?

“எப்ப போனாருன்னு ஞாபகம் இருக்குதா பெரியவரே?”

கிழவர் யோசிக்கவேயில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இத்தனை வருஷமாகக் காத்திருந்தவர் மாதிரி பதில் வந்தது.

“தொண்ணூத்தெட்டுங்க. ஜூலை மாசம். மொத பஸ்ஸுக்கே போய்ட்டாரு. இவன் தூங்கிகினு இருந்தான்.”

தனசேகரன் போனைக் காதிலிருந்து எடுத்தார். இந்த மூக்கைப் பார்த்தார். அப்புறம் அந்த மூக்கை. போனுக்குள்ளிருந்து கல் கொத்துகிறவர், வருஷம் என்ன, வருஷம் என்ன என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

“பேஜாராப் போச்சே சார்” என்றார் தனசேகரன், மெதுவாக. பிறகு வியாபாரி புத்தி வேலை செய்தது. ஜெயவேல் இதுவரை எடுத்ததை அழித்துவிடட்டும், நாலு மணிக்கு மண்டபம் நிறைந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்றார். கிழவர் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இந்தத் தடவையும் பஸ்ஸுக்குத்தான்.

ஜெயவேல் கேமராவை இறக்கப் போனான். அருள்தாஸ் அவன் கையைப் பிடித்தான்.

“அழிக்காத. ஓடட்டும்.”

அப்பாவின் வழியை மறித்து நின்றான். மேடையில் ஒருநாளும் பேசாத ஆரணிப் பேச்சு வாயில் வந்தது.

“நான் தூங்கல. முழிச்சிகினுதான் இருந்தேன்.”