வார்டில் அறுபத்தொரு நாள்

"உங்க அப்பா எதுல இறந்தார்?" என்று இதய மருத்துவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பரம்பரையில் நோய் ஏதும் உண்டா என்று தெரிந்துகொள்ள.

பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "செத்தாரா இல்லையான்னே தெரியாது டாக்டர். எங்களைத் தலைமுழுகிட்டுப் போனவரு," என்றார். எண்பத்தேழு வயதிலும் அந்தப் பேச்சில் சூடு ஆறவில்லை.

பக்கத்தில் நின்ற மகளுக்கு இது புதிதல்ல. தாத்தா யுத்தகாலத்தில் ராணுவ லாரி ஓட்டப் போனவர். ஒன்பது மாதம் வாராவாரம் கடிதம் வந்தது. பிறகு ஒரேயடியாக நின்றுபோனது. செத்திருந்தால் தந்தியாவது வந்திருக்குமே! வரவில்லை. போன இடத்தில் எவளோடோ குடித்தனம் நடத்துகிறார் என்று சொந்தபந்தம் கூடி முடிவுகட்டிவிட்டது. வீட்டில் இருந்த அவருடைய ஒரே படத்தையும் பாட்டி கிழித்து அடுப்பில் போட்டாளாம்.

மகள் இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஆள் தொலைந்தாலும் ஆஸ்பத்திரிக் காகிதம் அவ்வளவு லேசில் தொலையாது என்பது அவள் அனுபவம். அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் எப்படியோ தப்பிக் கிடந்த ஒரு கடித உறையில் தாத்தாவின் படை எண் இருந்தது. அப்பாவிடம் மூச்சுவிடாமல் ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டாள். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. படை எண் பொருந்துகிறது, ஆள் பெயர் பொருந்தவில்லை, நேரில் வந்து பார்க்கலாம்.

காப்பகத்தில் இரும்பு அலமாரிகள் கூரையை முட்டின. பூச்சிமருந்து வாடை தலையைக் கிறுகிறுக்க வைத்தது. எழுத்தர் ஒரு நீல அட்டைக் கட்டைக் கொண்டுவந்து பிரித்தார்.

"தொடாதீங்கம்மா, சருகு மாதிரி நொறுங்கும். இது அவர் கிடந்த மிலிட்டரி ஆஸ்பத்திரி வார்டுக் குறிப்பு, அந்த ஊர் நர்சு அவங்க மொழியில எழுதுனது. நான் படிச்சுச் சொல்றேன்."

பெயர் இருக்கவேண்டிய இடத்தில், காதில் விழுந்ததைக் குத்துமதிப்பாக எழுதிய நாலு எழுத்து. வீட்டு முகவரி: தெரியவில்லை. கழுத்துத் தகட்டில் இருந்த படை எண் மட்டும் சரி; அதை வைத்து வீட்டைத் தேடியதாக ஒரு வரிகூட இல்லை. தந்தி ஏன் வரவில்லை என்பது அங்கேயே விளங்கிவிட்டது.

"லாரியில பெட்ரோல் தீப்பிடிச்சிருக்கு. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும்..." எழுத்தர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"படிங்க சார். நானும் ஆஸ்பத்திரிக்காரிதான்."

"நோயாளி பேசுவது வார்டில் யாருக்கும் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்டிருக்கிறோம்." பதினோரு நாள் கழித்து, "மறுபடியும் கேட்டிருக்கிறோம்." அதற்கும் கீழே, "ஓயாமல் 'சுண்டு, சுண்டு' என்கிறார். தாகம் போலிருக்கிறது. சொல்லும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்கிறோம்."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "சுண்டுன்னா தண்ணியாம்மா உங்க பக்கம்?"

"கேள்விப்பட்டதே இல்லயே."

மொழிபெயர்ப்பாளர் வந்ததாகக் குறிப்பு இல்லை. அறுபத்தொன்றாம் நாள் காலை உயிர் போயிருந்தது.

மறுநாள் மத்தியானம் அப்பா சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். எங்கே தொடங்குவது என்று வழி நெடுக யோசித்து வந்தவள், போட்டு உடைத்தாள்.

"அப்பா, தாத்தா ஓடிப்போகல. மிலிட்டரி ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு. கை ரெண்டும் வெந்துபோச்சு. பேனா பிடிக்க முடியல. அதான் கடுதாசி வரல."

பெரியவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "வேற யாராச்சும் எழுதியிருக்கலாமே."

"அவர் பேசுனது யாருக்கும் புரியலப்பா. தண்ணி கேட்டதைத்தான் புரிஞ்சுகிட்டு குடுத்திருக்காங்க. ஏதோ சுண்டு சுண்டுன்னு..."

"என்னது?"

"சுண்டு."

நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை.

"தண்ணி இல்லம்மா. அது நான். பொறந்தப்ப சுண்டுவிரலாட்டம் இருந்தேனாம். அவரு மட்டும் அப்படித்தான் கூப்பிடுவாரு. அப்புறம் அந்தப் பேரை வீட்டுல எடுக்கவே அம்மா விடல."

மகள் நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தாள்.

"சொன்னப்பல்லாம் தண்ணி குடுத்தாங்களா?"

"ஆமாப்பா."

"குடிச்சாரா?"

"அதை எழுதலப்பா."

அப்போதுதான் உடைந்தார். எண்பது வருடத்து வசவெல்லாம் திரும்பி வந்து நெஞ்சில் அடைத்ததுபோல, முதலில் சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. பள்ளிக்கூடத்தில், கல்யாணப் பத்திரிகையில், வேலைக்கு மனுப் போட்ட காகிதத்தில் என்று எங்கெல்லாம் அப்பா பெயரை எழுத மறுத்தாரோ, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதார். மகள் தடுக்கவில்லை.

அந்த ஊரிலேயே புதைத்திருந்தார்கள்; கல்லறைப் பலகையிலும் அந்தத் தப்புப் பெயர்தான் இருந்தது. திருத்துவதற்கான படிவத்தை எழுத்தர் கொடுத்தனுப்பியிருந்தார். சாயங்காலம் மகள் அதை நிரப்ப உட்கார்ந்தபோது பெரியவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். தன் அப்பாவின் பெயரை முழுசாக எழுதினார். உறவு என்ற கட்டத்தில் 'மகன்' என்று போட்டார்.

பேனாவை மூடிவிட்டு, "சாகக் கிடந்தப்பகூட, அந்த ஆளு பேச்சை எடுக்காதேன்னுதான் சொன்னா அம்மா," என்றார். "அவகிட்ட இதை யாரு போய்ச் சொல்றது?"

மகள் அவர் முதுகில் கையை வைத்தாள்.