வலது விலா

"மூச்சை அப்படி விடாதே நோமோ. புகை மாதிரி மேலே எழும்புது. அவ கண்ணுல பட்டா போச்சு."

"மூச்சு விடாம எவ்வளவு நேரம், அச்சோ, படுத்துக் கெடக்கறது?"

"விட வேண்டாங்கல. துணிக்குள்ள விடு."

குன்செஸ் கழுத்துக் கம்பளியை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டாள். மார்புக்குக் கீழே பனி, பனிக்குக் கீழே பாறை. பக்கத்தில் அவள் கணவனின் அண்ணன் மோருப் தொலைநோக்கியில் ஒற்றைக் கண்ணைப் பதித்தபடி குப்புறக் கிடந்தார். தம்பி பெண்டாட்டியை அவர் நோமோ, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்; அவளுக்கு அவர் அச்சோ, அண்ணன். விடியுமுன் ஏறி வந்து படுத்தவர்கள். இப்போது வெயில் எதிர்ச்சரிவின் பாதிவரை இறங்கிவிட்டது.

ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பாறைத் திட்டில், பனிச்சிறுத்தை தூங்கிக்கொண்டிருந்தது. தெரியாதவன் பார்த்தால் பாறைதான் தெரியும். தெரிந்தவனுக்கு முதலில் வால் தெரியும், பிறகு மற்றதெல்லாம் தானாக வரும். அதன் முதுகுக்குப் பின்னால் இரண்டு குட்டிகளின் காதுகள். எட்டு மாதக் குட்டிகள். உடம்பு வளர்ந்துவிட்டது, வேட்டை இன்னும் கைவரவில்லை.

"திரும்பி இருக்காளா?"

"இல்ல. அதே இடது பக்கம்தான் காட்டிட்டுக் கெடக்கா, மகாராணி."

இடது பக்கம் குன்செஸுக்கு வேண்டாம். ஐந்து குளிர்காலமாக இந்தத் தாயை எடுத்த படங்கள் எல்லாமே இடது பக்கம்தான். மாலையில் அது மலையேறுகிற வழி அப்படி, ஆள் ஒளிய இடமிருக்கிற சரிவும் அப்படி. வலது விலா தெரிகிற படம் ஒன்றே ஒன்று உண்டு. அன்றைக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்ததில் புள்ளிகளெல்லாம் கரைந்துபோயிருந்தன.

நாலு நாளைக்கு முன் மோருப்பின் பட்டியில் சிறுத்தை இறங்கியது. காலையில் கதவைத் திறந்தபோது பதினாலு ஆடுகள் செத்துக் கிடந்தன. மூலையில் ஒண்டியிருந்த ஐந்து மட்டும் மிச்சம். பட்டிக்கு எதிரே ஊற்றடி வில்லோ மரத்தில் குன்செஸ் கட்டிவைத்திருந்த தானியங்கிக் கேமராவில், மதில்மேல் இருந்து வெளியே தாவுகிற மிருகம் ஒரு நொடி விழுந்திருந்தது. வலது விலா. தோளுக்குப் பின்னால் குதிரைக் குளம்பு மாதிரி மேலே வாய் திறந்த ஒரு வளையம். அதற்குக் கீழே வரிசையாக மூன்று புள்ளி, கொஞ்சம் தள்ளி நாலாவது.

"அந்தத் தாய்தான். குட்டி பெருத்துப் போச்சு, வயிறு கேக்குது, வந்துட்டா," என்றது ஊர்.

"கணவாய் தாண்டி வர்ற கிழட்டு ஆண் ஒண்ணு சுத்துது. அதோட வேலை," என்றாள் குன்செஸ்.

"நிரூபி," என்றது ஊர்.

சிறுத்தையின் புள்ளி நம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்குக் கிடையாது. ஒரே உடம்பில்கூட இடது வேறு, வலது வேறு. இன்று நடுப்பகலில் காட்டிலாகா ஜீப் கூண்டோடு வரும். தாய்தான் என்றால் ஓடையின் வாயில் கூண்டு வைப்பார்கள், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பனி உருகும் மட்டும் அந்தக் குட்டிகள் தாக்குப்பிடிக்காது. வழிப்போக்கு ஆண் என்றால் அது இதற்குள் எந்த மலையிலோ. கூண்டு வந்த வழியே திரும்பும்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று குன்செஸின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மோருப்பின் பட்டிக்கு இரண்டு காவல் நாய்கள் உண்டு. தாயும் குட்டிகளும் சேர்ந்து ஊற்றடியில் நடந்து வருவதை ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு மூன்று வருட ஆசை. நாய் குரைத்தால் சிறுத்தை ஊற்றடிக்கு வருமா? எலும்பைக் காட்டி இரண்டு நாயையும் தன் வைக்கோல் அறைக்குள் கூட்டிப்போய்ச் சாத்தினாள். ஒரு ராத்திரி இல்லை, மூன்று ராத்திரி. விடியுமுன் திறந்துவிட்டாள். கணவன் குளிர்காலம் முழுக்க லே நகரத்தில் வேலைக்குப் போயிருந்தான், கேட்க ஆளில்லை. மூன்றாம் ராத்திரிதான் பட்டியில் சாவு விழுந்தது.

"அந்த நாய்ங்களைக் கொல்லணும்," என்றார் மோருப் தொலைநோக்கியை விட்டுக் கண்ணெடுக்காமல். நாலு நாளாக இதே பாட்டுத்தான். "தின்னறதுக்கு மட்டும் ரெண்டு வாய். காக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எந்தப் பொட்டை நாய் பின்னாடி சுத்தப் போச்சோ."

குன்செஸ் அக்குளில் வைத்திருந்த மாற்று பேட்டரி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கேக்குதா?" என்றார் அவர் திடீரென்று.

கேட்டது. பள்ளத்தாக்கின் அடியில், வெகு தூரத்தில், சங்கிலி கட்டிய சக்கரம் பனியை அரைக்கிற சத்தம்.

"நடுப்பகல்னாங்களே!"

"வெறுங்கையோட வந்தாத்தான் லேட்டாகும். கூண்டோட வந்தா சீக்கிரம் வருவாங்க."

"ஒரு கல்லை உருட்டி விடட்டுமா அச்சோ? எழுந்திருப்பா."

"எழுந்து மேல ஓடினா? நீ இத்தனை வருஷம் சிறுத்தை பார்க்க வர்ற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்ன? சத்தம் போடாதே, விசில் அடிக்காதேன்னு. இன்னிக்கு உனக்குன்னு வந்ததும் கல்லு உருட்டலாமா?"

ஜீப் வளைவு திரும்பியது. சத்தம் ஓடைக்குள் புகுந்து மேலே ஏறி வந்தது. பாறைத் திட்டில் ஒரு காது அசைந்தது. பிறகு தலை. தாய் எழுந்து முன்னங்காலை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. குட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பியது.

"திரும்பிட்டா! எடு, எடு!"

"பாறை மறைக்குது! தலைதான் தெரியுது."

"எவ்வளவு மறைக்குது?"

"ஒரு கை. ஒரு கை முன்னால போனாப் போதும்."

"போகாதே. உனக்கு முன்னால இருக்கறது கல்லு இல்ல, வெறும் பனி. காத்து கட்டின கூரை. கீழே ஒண்ணும் கிடையாது."

குன்செஸ் ஏற்கெனவே நகர்ந்துவிட்டாள். முழங்கையை ஊன்றி, பீரங்கி மாதிரி நீண்ட லென்ஸைத் தள்ளிக்கொண்டு. மோருப் ஒரு கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு அவள் இடுப்புக் கச்சையை இரண்டு கையாலும் பற்றினார். பூட்ஸ் குதிகாலைப் பாறையிடுக்கில் கொடுத்துக்கொண்டார்.

"சீக்கிரம்!"

கண்ணாடிக்குள் தாய் தெரிந்தது. பொத்தானை அழுத்தினாள். கேமரா கண்ணை மூடிக்கொண்டது.

"பேட்டரி செத்துடுச்சு."

"நான் சாகறதுக்குள்ள மாத்து!"

பல்லால் கையுறையைக் கழற்றித் துப்பினாள். வெறும் விரல் இரும்பில் பட்டு ஒட்டியது. பிய்த்தாள், தோலோடு வந்தது. அக்குளின் சூட்டோடு பேட்டரி உள்ளே போனது. கண்ணாடிக்குள் மறுபடி தாய். திட்டின் விளிம்பில், முழு வெயிலில், கீழே ஜீப்பைப் பார்த்து நின்றது. வலது விலா விரித்துவைத்த கம்பளம் மாதிரி. ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் மார்புக்குக் கீழே எங்கோ 'ம்ம்' என்று ஒரு சத்தம். பெரிய மாடு முனகுகிற மாதிரி.

மோருப் இழுத்தார். அவள் பின்னால் வந்து விழுந்தாள். அவள் படுத்திருந்த இடம் ஒரு கதவளவு பெயர்ந்து, ஆடி அசைந்து, கீழே போனது. எங்கே விழுந்தது என்று சத்தம் வர நேரமாயிற்று.

இருவரும் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தார்கள்.

"கச்சையை நல்லாத்தான் கட்டியிருக்கே," என்றார் மோருப். "தளர்த்தியா இருந்திருந்தா என் கையில துணி மட்டும் இருந்திருக்கும். என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்றது? படம்?"

"இருக்கு."

"பாரு."

கேமராவின் சின்னத் திரையை முக்காட்டுக்குள் வைத்துப் பெரிதாக்கினாள். மறு கையில் போன். போனில் மதில்மேல் தாவுகிற மிருகம். தோளுக்குப் பின்னால் பார்த்தாள். குதிரைக் குளம்பு, மேலே வாய் திறந்தது. கீழே மூன்று புள்ளி. கொஞ்சம் தள்ளி நாலாவது.

மறுபடி பார்த்தாள். அடுத்த படத்தையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க மாறிவிடும் என்பதுபோல.

"சொல்லு நோமோ. எனக்குக் கண்ணு நனைஞ்சு ஒண்ணும் தெரியல. நீ சொல்றதுதான் கீழே செல்லும்."

இல்லை என்று ஒரு வார்த்தை. அது போதும். ஊரில் புள்ளி பார்க்கத் தெரிந்தவர்கள் இவர்கள் இருவர்தான். ஒருவருக்குக் கண் தெரியவில்லை, இன்னொருத்தி பொய் சொன்னால் கேட்க யார்? எதிர்த்திட்டில் குட்டி ஒன்று தாயின் வாலைக் கடித்து இழுத்தது.

"இவதான் அச்சோ."

மோருப் நீண்ட மூச்சு விட்டார். இந்த முறை துணிக்குள் விடவில்லை. "சரி. அப்போ கூண்டுதான்."

"இன்னொண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"உங்க நாய்ங்க எங்கேயும் சுத்தப் போகல. எங்க வைக்கோல் அறையில இருந்துச்சு. நான்தான் சாத்தினேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"எத்தனை ராத்திரி?"

"மூணு."

"எலும்பு போட்டியா?"

"போட்டேன்."

"அதான் உன்னைக் கண்டா வாலாட்டுதுங்க. உனக்கு நல்ல மனசுன்னு நாய்க்குத் தெரிஞ்சிருக்குன்னு வீட்டுல புட்டித்கிட்ட சொல்லிட்டிருந்தேன்." தொலைநோக்கியின் முக்காலியை மடக்கினார். ஒரு கால் மடங்கவில்லை, உறைந்திருந்தது. அதை முழங்காலில் வைத்து அடித்து மடக்கினார். "என்கிட்ட சொன்னது போதாது. ஆடு என்னுது இல்ல. அவ வளர்த்தது. அவகிட்ட சொல்லு."

அவர் காலடித் தடத்திலேயே கால் வைத்து இறங்கினாள் குன்செஸ்.

பட்டி வாசலில் ஜீப் நின்றது. பின்னால் தார்ப்பாய் போர்த்திய கூண்டு. குன்செஸ் அச்சே, அக்கா என்று கூப்பிடுகிற மோருப்பின் மனைவி புட்டித் கீழே உட்கார்ந்து, செத்த ஆடு ஒன்றை மடியில் சாய்த்து, இரும்புச் சீப்பால் கம்பளிக்கான அடிமயிரை வாரி எடுத்துக்கொண்டிருந்தாள். உறைந்த உடம்பில் மயிர் வரமாட்டேன் என்றது. அவள் விடாமல் வாரினாள். அதிகாரி உப்புத் தேநீர்க் கிண்ணத்தை மதில்மேல் வைத்துவிட்டு ஒரு தாளை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"...காவல் நாய்கள் இருந்தும், மேற்படி மிருகம் பட்டிக்குள் புகுந்து... அம்மா, இங்க கைநாட்டு வைங்க. பேச்சு முடிஞ்சது, வேலையைப் பார்க்கலாம்."

"இருங்க," என்றாள் புட்டித். "மேல போனவ வந்துட்டா. என்னடி, இவதானா, அவனா?"

"இவதான் அச்சே."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "நாங்க சொன்னோமே," என்றது ஒரு குரல். அதிகாரி மை டப்பாவைத் திறந்தார்.

"நாய் இல்ல அச்சே," என்றாள் குன்செஸ். "அந்தத் தாள்ல நாய் இருந்துச்சுன்னு இருக்கு. இல்ல. நான் அடைச்சு வச்சிருந்தேன். படத்துக்காக. மூணு ராத்திரி."

சீப்பு நின்றது. புட்டித் ஆட்டின் தலையை மெல்ல மடியிலிருந்து இறக்கிப் பனியில் வைத்தாள். எழுந்து வந்து எதிரே நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று குன்செஸ் நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"இந்தக் குளிர்ல ஒவ்வொண்ணுக்கும் வெந்நீர் காய்ச்சி ஊத்தினேன்டி. குட்டி போட்டப்ப ரெண்டை என் கோஞ்சா அங்கிக்குள்ள போட்டுட்டுத் தூங்கினேன். நீ வந்து பார்த்துட்டுச் சிரிச்சே, ஞாபகம் இருக்கா? படம்கூட எடுத்தே."

"இருக்கு அச்சே."

"சார்," என்றாள் புட்டித் திரும்பாமல். "கூண்டை இறக்குங்க. இவளை உள்ளே வைங்க."

இரண்டு பேர் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அதிகாரி இருமினார்.

"அம்மா, அது வேற விஷயம். உங்க குடும்பத்து விஷயம். கைநாட்டு வச்சீங்கன்னா மிருகத்தைப் பிடிச்சுடுவோம்."

"நாய் இருந்துச்சுன்னு போட்டிருக்கே."

"அது ஒரு வரிதானே..."

"ஒரு வரிக்குத்தானே கைநாட்டு? நாய் இல்லாத பட்டிக்குள்ள மிருகம் வராம லாமாவா வரும்? பொய்க்கு நான் கை வைக்க மாட்டேன். நாயை அடைச்சுவச்ச வீட்டுக்குக் கூண்டு கேட்டேன்னு நாளைக்கு நாலு ஊரு சிரிக்கும். எடுத்துட்டுப் போங்க."

"புட்டித்!" என்றார் மோருப்.

"நீ பேசாதே. உன் நாயை இன்னொருத்தி மூணு ராத்திரி அடைச்சு வச்சிருக்கா, உனக்குத் தெரியல. தூரத்து மலையில கொம்பு அசைஞ்சா தெரியும், வீட்டு வாசல்ல நாய் இல்லைன்னா தெரியாது."

அதிகாரி தாளைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், ஆறிப்போன தேநீரைப் பார்த்தார். பிறகு மை டப்பாவை மூடினார். மறுபடி ஒரு முறை வந்தால் கேட்காமலே கூண்டு வைப்பேன் என்றார். "மறுபடி வராது," என்றாள் புட்டித். "இவ உள்ளேயே இருப்பா."

ஜீப் திரும்பிப் போன பிறகுதான் அவள் குன்செஸைப் பார்த்தாள்.

"கணவாய் திறக்கற வரைக்கும் பட்டி உன் பொறுப்பு. படுக்கை, சோறு, எல்லாம் இங்கேதான். மேல போகக்கூடாது. அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது."

கணவாய் திறக்க நாலு மாதம். சிறுத்தை கீழே இறங்கி வந்து கண்ணில் படுவதும் அந்த நாலு மாதம்தான். இரண்டும் ஒன்று என்று புட்டித்துக்கு நன்றாகத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை படம் எடுக்க விருந்தாளிங்க வர்றாங்க அச்சே. ரெண்டு மாசம் முன்னாடியே பேசினது."

"வரட்டும். மோருப் கூட்டிட்டுப் போவாரு. நீ ஏன் வரலன்னு கேப்பாங்க. அதையும் நீயே சொல்லு."

குன்செஸ் கேமராப் பையைத் தோளிலிருந்து கழற்றி மோருப்பிடம் கொடுத்தாள். தோலுரிந்த விரலில் இரத்தம் உறைந்திருந்தது. மதிலோரம் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் குனிந்து நுழைந்தாள். மிச்சமிருந்த ஐந்து ஆடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலைக்கு ஒதுங்கின.

"கதவைச் சாத்து," என்றாள் புட்டித் வெளியே இருந்து. "குளிர் உள்ளே போகுது."

குன்செஸ் சாத்தினாள்.