பன்னிரண்டாம் அதிகாரம்

ஒரு புத்தகத்துக்கு மூன்று ஸ்டேப்ளர் பின். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று சொன்னது என் தோழி ரொண்டா. இருபத்திரண்டு புத்தகத்துக்கும் அடித்தது நான்.

எங்கள் ஊர் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பாடத்துக்கு வரும் நாவல்களைப் பெற்றோர் கமிட்டி படித்துப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் நீள மேசைகளைப் போட்டு, காபியும் பாதாம் விழுது வைத்த ரொட்டியும் நடுவில் வைத்து உட்காருவோம். கெட்ட வார்த்தை வந்தால் கறுப்பு மார்க்கர். ஒரு பக்கமோ ஓர் அதிகாரமோ முழுக்கவே ஆகாது என்றால் ஸ்டேப்ளர். வேலை என்னவோ பக்தியான வேலைதான், ஆனால் அந்தக் கீழ்த்தளத்தில் சிரித்த அளவுக்கு நான் வேறெங்கும் சிரித்ததில்லை.

"ஏய் ஜனெல், இது கெட்ட வார்த்தையா, பாரேன்" என்று போன வருஷம்கூட ரொண்டா புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

"எங்க மாமனார் மாடு உதைச்சா இதத்தான் சொல்லுவாரு."

"அப்ப கெட்ட வார்த்தைதான். அடி ஒரு கோடு."

எனக்கு வாய் நீளம். சபையில் போதகரையே மறித்துக் கேள்வி கேட்டவள் என்று பெயர். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷத்து நாவல் வடகடல் தீவு ஒன்றில் வாழும் அண்ணன் தம்பியைப் பற்றியது. மீன் பிடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், அப்பாவின் கடைசிப் படகை யார் ஓட்டுவது என்று மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் அதிகாரத்தில் அண்ணன் ஒரு காலையில் படகைச் சரியாகக் கட்டி வைக்கிறான், போட்டிருந்த கோட்டைக் கழற்றி மடித்து அதன்மேல் வைக்கிறான், கடலுக்குள் நடந்து போகிறான். பதினாலு பக்கம். அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. பதிமூன்றாம் அதிகாரத்தில் தம்பி தனியாக நின்று படகுக்கு வண்ணம் பூசுகிறான்.

ரொண்டா பன்னிரண்டாம் அதிகாரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இத எடுத்துடலாம்னு தோணுது. ரொம்ப இழுக்குறான்" என்றாள்.

ஐந்தாம் அதிகாரத்தில் முப்பது பக்கத்துக்கு மீன் காயவைத்தான் அந்த ஆசிரியன். அதை யாரும் இழுவை என்று சொல்லவில்லை. என்னையும் சேர்த்து ஏழு பெண்கள் அந்த மேசையில். ஆறு பேரும் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், ரொட்டித் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தார்கள். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை.

என் மகன் ஜோயல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதினெட்டு வயது. கொட்டகையில் விபத்து. அப்படித்தான் என் கணவன் ஹார்லன் முற்றத்தில் நின்று போலீஸ்காரரிடம் சொன்னான். பிறகு போதகர் பிரசங்க மேடையில் சொன்னார். மூன்றாம் நாள் அடக்கத்துக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அன்றைக்கு முந்நூறு பேருக்கு ஹாம் பன் செய்து கொண்டுவந்தவள் இந்த ரொண்டா. ஊர் முழுக்கத் தெரியும் அது விபத்தில்லை என்று. அந்த ஒரு வார்த்தையை எங்களுக்கு ஒரு போர்வைபோலப் போர்த்திவிட்டார்கள். அன்பாகத்தான் போர்த்தினார்கள். அதுதான் கஷ்டம். வெறுப்போடு செய்திருந்தால் பிடித்து இழுத்து எறிந்திருப்பேன்.

அந்த அதிகாரத்தை நான் ஜூலையிலேயே மூன்று தரம் படித்திருந்தேன். முதல் தரம் படித்தபோது மனசு அறுந்துபோனது; இரண்டாம் தரம் படித்தபோது என்னவோ நிம்மதி வந்தது. யாரோ ஒருவன், என்னைத் தெரியாதவன், அந்தக் காலை நேரத்தைத் திரும்பிப் பார்த்து உட்கார்ந்து எழுதியிருக்கிறான். இதை டெஸ்ஸா படிக்கட்டும் என்று நினைத்தேன். டெஸ்ஸா என் மகள், பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. அண்ணன் போனதிலிருந்து தன் பெயரைக்கூட மெதுவாகச் சொல்கிற பிள்ளையாகிவிட்டாள். வகுப்பில் எல்லாரோடும் சேர்ந்து படித்தால், வீட்டில் பேச முடியாததை அங்கேயாவது யாராவது பேசுவார்கள் என்று ஓர் ஆசை.

"என்ன சொல்ற ஜனெல்?" என்று ரொண்டா கேட்டாள். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

வேண்டாம், இது இருக்கட்டும் என்று சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் சொன்ன மாத்திரத்தில் போர்வை விலகிவிடும். ஹார்லன் ஞாயிற்றுக்கிழமை இதே ஆலயத்தில், இதே பெண்களின் கணவர்களுக்குப் பக்கத்தில், பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

"ஆமா, இழுவைதான்" என்றேன். "ஸ்டேப்ளர இங்க குடு."

நான் இடது கைக்காரி. பின் நேராக விழாது, சாய்ந்துதான் விழும். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்து மதியச் சாப்பாட்டுக் காகிதப் பையின் வாயை மடித்துப் பின் அடித்துக் கொடுத்தவள் நான். "அம்மா, இதப் பிரிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிடுது" என்று ஜோயல் கத்துவான். அதே கையால் அவன் அதிகாரத்தையும் அடித்தேன். ஆறு பெண்களும் சட்டென்று சோளம் இந்த வருஷம் எப்படி என்று பேச ஆரம்பித்தார்கள்.

அக்டோபர் கடைசியில் ஹேவர்காம்ப் சார் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். இருபத்தேழு வருஷமாக ஆங்கிலம் எடுக்கிறவர், எனக்கும் ஜோயலுக்கும் எடுத்தவர். எந்தக் கதையைப் படித்தாலும் பிள்ளைகள் அவருக்கு நான்கு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். மனிதன் யார் என்று இந்தக் கதாசிரியர் நம்புகிறார்? வீழ்ச்சி எங்கே? மீட்பு எங்கே? தேவனுடைய கை எங்கே? கேலி செய்கிறவர்கள் செய்யலாம், ஆனால் நான் பள்ளியில் படித்தபோது அந்த நான்கு கேள்விதான் எனக்குக் கதை படிக்கக் கற்றுக்கொடுத்தது. கதை என்பது பொழுதுபோக்கில்லை, அதில் ஒருவனுடைய ஆத்துமா கிடந்து தவிக்கிறது என்று.

டெஸ்ஸாவின் தாளை என் முன்னால் வைத்தார். முதல் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள், அவள் வயசுக்கு அதிகமான எழுத்து. வீழ்ச்சி எங்கே என்பதற்கு, "192ஆம் பக்கத்துக்கும் 207ஆம் பக்கத்துக்கும் நடுவில்" என்று ஒரு வரி. மீட்பு எங்கே என்பதற்கு, "அதுவும் அங்கேயே இருக்கலாம். எனக்குத் தெரியாது." நான்காம் கேள்விக்கு ஒன்றுமில்லை.

"இதுக்கு நான் எப்படி மார்க் போடுறது?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். "வகுப்புல ஒரு பையன் எழுந்து, அண்ணன் எங்க சார் போனான்னு கேக்குறான். இவ கையக் கட்டிகிட்டு என் மூஞ்சியையே பாக்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவன் போயிட்டான்னேன். வேறென்ன சொல்ல?" கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியில் துடைத்தார். "வேதத்துலயே ஒரு ராஜா தன் வாள் மேல தானே விழுந்து சாகுறாரு. அந்தப் பக்கத்த நாம யாரும் பின் அடிக்கல. ஜனெல், நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். கமிட்டியில மறுபேச்சு இருக்காது. காரணம்கூடச் சொல்ல வேணாம். திங்கட்கிழமையே திறந்து படிச்சிடுவேன்."

வாயைத் திறந்தேன். போதகரையே மறித்த வாய். சுவரில் ஜோயல் வருஷத்து வகுப்புப் படம் மாட்டியிருந்தது, இரண்டாம் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான், எந்தப் படத்திலும் அவன் கண்ணை மூடிக்கொள்வான், கழுதை.

"அது கமிட்டி முடிவு சார்" என்றேன்.

அவர் அந்தத் தாளை எடுத்துக் கோப்புக்குள் வைத்தார். "அப்ப திருப்பி எழுதச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

திருப்பி எழுதினாள். அண்ணனை இழந்த தம்பியைத் தேவன் கைவிடவில்லை, படகுக்கு அவன் பூசும் புது வண்ணத்தில் அவருடைய கிருபையைக் காண்கிறோம் என்று, மணி மணியாக, ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதைப்போல. நூற்றுக்கு நூறு. ஹார்லன் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் விதைக் கம்பெனிக் காந்தத்தை வைத்து ஒட்டினான். "எழுத்துல நம்ம பொண்ண அடிச்சுக்க ஆளில்ல" என்று சிரித்தான். பாவம், அவனுக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்து எவ்வளவு நாளாயிற்று. டெஸ்ஸா பால் குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு தரம் பாலை எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போதும் அந்த நூறு என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

நவம்பரில் பாடம் முடிந்து புத்தகங்கள் திரும்பி வந்தன. பின் எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் அடுக்குவதும் கமிட்டி வேலை. அன்றைக்கு ரொண்டா பல் வைத்தியரிடம் போயிருந்தாள், நான் மட்டும்தான் போனேன்.

முதல் புத்தகத்தை எடுத்தேன். பின் நேராக இருந்தது. என் கைக்கு நேராக விழாதே! திருப்பிப் பார்த்தால் பக்கத்து ஓரத்தில் பழைய ஓட்டைகள், சாய்ந்த ஓட்டைகள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் பின் செம்பு நிறம், எங்கள் பள்ளியில் வெள்ளி நிறம்தான் உண்டு. ஒருத்தன் பின் கிடைக்காமல் பசை வைத்து ஒட்டியிருந்தான், மடையன், விரல் ரேகையோடு. ஒருத்தி பழைய பின்னையே பழைய ஓட்டையில் திருப்பிச் செருகி, அம்மாவின் கண்ணுக்குத் தப்பிவிடும் என்று நம்பியிருந்தாள். ரொண்டாவின் மகன் புத்தகத்தில் 201ஆம் பக்கத்தில் ஏதோ நனைந்து காய்ந்த வட்டம். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஐயோ பிள்ளைகளா, எல்லாரும் படித்துவிட்டீர்களா! இருபத்தொரு பேரும் என் ஜோயலோடு அந்தக் கடற்கரை வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார்கள், ஒருத்தரும் யாரிடமும் சொல்லவில்லை.

அடியில் இருந்தது டெஸ்ஸாவின் புத்தகம். மூன்று பின்னும் அப்படியே இருந்தன. சாய்ந்து, இறுக்கமாக, ஆகஸ்ட்டில் நான் அடித்தபடியே. நகம் பட்ட தடம்கூட இல்லை. அவள் ஒருத்திதான் திறக்கவில்லை.

அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மூன்றரை மணிக்கு டெஸ்ஸா வந்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"எல்லாரும் திறந்திருக்காங்க" என்றேன்.

"தெரியும்."

"நீ ஏன் திறக்கல?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படி ஒரு பொறுமை பதினாறு வயசுக்கு வரக் கூடாது. "பின்ன பாத்த உடனே தெரிஞ்சுது, சாப்பாட்டுப் பை மாதிரியே சாஞ்சிருக்குன்னு" என்றாள். "நீ அடிச்சதும்மா. நான் எப்படிப் புடுங்குவேன்?"

எனக்கு அழுகைகூட வரவில்லை. எழுந்து கத்தி வைக்கும் அலமாரியைத் திறந்து, வெண்ணெய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மேல் பின்னுக்கு அடியில் முனையை நுழைக்கவே மூன்று தரம் பார்க்க வேண்டியிருந்தது. டெஸ்ஸா பையை இறக்கிவிட்டு வந்து, புத்தகம் நகராதபடி ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மேல் பின் வந்துவிட்டது. நடுப் பின்னின் ஒரு கால் நிமிர்ந்தது.

அப்போது முற்றத்தில் ஹார்லனின் ட்ரக் வந்து நின்றது. அதன் கதவை அடித்துச் சாத்தும் சத்தம். நாய் ஓடுகிற சத்தம்.

"அம்மா, அப்பா" என்றாள் டெஸ்ஸா. ஆனால் கையை எடுக்கவில்லை.

பின்வாசலில் அவன் பூட்ஸைத் தேய்க்க ஆரம்பித்தான். எந்த அவசரத்திலும் மூன்று தரம் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருவான். ஒன்று. நடுப் பின் மேசையில் விழுந்து உருண்டது. இரண்டு. கீழ்ப் பின்னுக்கு அடியில் கத்தி போகவில்லை, ஆகஸ்ட்டில் அதைத்தான் எல்லாவற்றையும்விட அழுத்தி அடித்திருக்கிறேன். டெஸ்ஸா தன் நகத்தைக் கொண்டுவந்து கத்தி முனைக்குப் பக்கத்தில் வைத்தாள்.