பதினொரு மணிக்கு வந்த அதிகாரி

"சனங்க எத்தனை மணிக்குப் போட்டுல போவாங்க, வருவாங்க?"

படகுப் பெர்மிட் கொடுக்கும் அதிகாரி தொலைபேசியில் கேட்டார். அழகனுக்கு யோசிக்கவே தேவையில்லாத கேள்வி. பதினெட்டு வருஷமாக அந்த நீர்த்தேக்கத்தில் பயணிகள் படகு ஓட்டுகிறவன். காலை ஆறரைக்குக் கரையில் நாற்பது பேர் நிற்பார்கள். அக்கரைத் தேயிலை மலையில் ஏழு மணிக்குப் பெரட்டு. அங்கே பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. அவன் படகு கொள்வதோ இருபது பேர். இரண்டாம் நடையில் போகிறவர்கள் பிந்திவிடுவார்கள். வேலைக் கணக்கு எழுதும் கண்டாக்கையா அவர்களுக்கு அரைப் பேர்தான் போடுவார், அதாவது அரை நாள் சம்பளம்.

இத்தனையும் தெரிந்தவன் சொன்னான்: "பதினொரு மணிக்கு வாங்க சேர். அப்பதான் கரை நெறைய ஆளா இருக்கும்."

காரணம், டோரீன். குவைத்தில் ஒன்பது வருஷம் வீட்டு வேலை செய்து திரும்பியவள், புது ஃபைபர் படகு ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டுப் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்திருந்தாள். கூரை, லைஃப் ஜாக்கெட், சத்தம் போடாத எஞ்சின். பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழகனின் படகைப் பார்த்துச் சிரித்தார்கள்.

விண்ணப்பிக்கும் முன்பு அவனிடமே வந்து சொன்னாள்.

"அண்ணே, ஒங்களுக்குப் போட்டியா வரலண்ணே. காலையில ரெண்டு பேரும் ஓடுவோம். பகல்ல ஒரு நாளு நீங்க, ஒரு நாளு நான்."

"பாப்போம் தங்கச்சி," என்றான் அழகன். அன்று இரவு படகு வசூலை மூன்று முறை எண்ணிப் பார்த்தான்.

புதன்கிழமை சரியாகப் பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. மலை முழுக்கக் கொழுந்து பறிக்கும் தலைகள். கரையிலோ கிளினிக்குக்குப் போகும் ஒரு கிழவர், கோழிக்கூடையோடு ஒரு பெண், ஒரு நாய்.

"ரெண்டு பேர்," என்று எழுதினார் அதிகாரி. "இருக்கிற போட்டுக்கே ஆள் இல்ல. இன்னொண்ணு எதுக்கு?"

"காலையில வந்து பாருங்க சேர்!" டோரீன் பதறினாள். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே!"

ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அழகன் குனிந்து மறுபடியும் கட்டினான்.

அடுத்த வாரம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அழகன் ஜெயித்துவிட்டான். ஆனால் ஆறரை மணிக் கரை அப்படியேதான் இருந்தது.

"ஏய் அழகா!" இரண்டாம் நடைக்கு ஒதுங்கி நின்ற பேச்சியம்மா கத்தினாள். "இந்த வாரம் மூணு நாளு எனக்கு அரைப் பேரு. அந்தப் புள்ள போட்டு ஓடியிருந்தா இப்ப மலையில நிப்பேன். நீ என்னா மகாராசாவா, ஒன் போட்டுக்கு நாங்க காத்துக் கெடக்க?"

கரையே சிரித்தது. அழகனால் சிரிக்க முடியவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் அதிகாரியின் அலுவலகத்துக்கே போய் நடந்ததைச் சொன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க மேன்முறையீடு செய்யலாம். நீ சொன்னத எழுத்துல குடு."

எழுதி, கையெழுத்துப் போட்டு, பிரதியை எடுத்துக்கொண்டு டோரீனின் லயத்து வீட்டுக்கு ஓடினான். வாசலில் பெட்டி கட்டி வைத்திருந்தது.

"போட்டை முந்தாநாளு கினிகத்தேனையில ஒருத்தருக்குக் குடுத்துட்டேண்ணே. குவைத்துல பழைய வீட்டுக்காரங்களே விசாவும் அனுப்பிட்டாங்க."

அவன் காகிதத்தை நீட்டினான். இரண்டு முறை படித்தாள். கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பதினொரு மணின்னு நீங்களாண்ணே சொன்னீங்க?"

"ஆமா தங்கச்சி."

"நான் ஒங்ககிட்ட கேட்டுட்டுத்தானே போனேன்." காகிதத்தை மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள். "காலையில மொத நடையில எனக்கு ஒரு எடம் வையுங்க. அக்கரையில பஸ் புடிக்கணும்."

மறுநாள் பெட்டியோடு வந்தாள். முன்பலகையில் அவளுக்காக இடம் வைத்திருந்தான். அவள் கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள்.

"பேச்சியக்கா, நீங்க ஏறுங்க. எனக்கு என்னா பெரட்டா? அடுத்த நடையில வர்றேன்."

பேச்சியம்மா ஏறிக்கொண்டாள். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. பாதித் தண்ணீரில் அழகன் திரும்பிப் பார்த்தபோது டோரீன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அக்கரையில் ஆட்களை இறக்கிவிட்டு, என்றைக்கும் இல்லாத வேகத்தில் திரும்பினான்.

கரையில் இருபது பேர் நின்றார்கள். அவள் இல்லை.

"ஆட்டோ புடிச்சு ரோட்டச் சுத்திப் போயிருச்சு அந்தப் புள்ள," என்றார் ஒருவர். "நீ சீக்கிரம் எடு, நேரமாச்சு."