வெறும் தண்ணீர்

கிருமிநாசினித் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். போன வாரம் அந்தச் சட்டம் சொந்தக் கொழுந்தனையே பதம் பார்த்துவிட்டது. அவன் கலந்த மருந்துக்கு வீரியம் போதாது என்று எழுதிக் கொடுத்தாள். கலவைத் தொட்டியிலிருந்து அவனைத் தூக்கிப் பாட்டில் மூடி திருகும் வேலையில் போட்டார்கள். அதோடு விட்டாளா? வீட்டில் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும், "தம்பி எங்க மருந்து கலக்குறாரு? வெறும் தண்ணியத்தான் கலக்குறாரு!" என்று ஒரு போடு போட்டாள். மாமியார்கூடச் சிரித்தார். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் தண்ணீரையே சோதித்தாள். கணினி போன வாரமே படுத்துவிட்டதால் கைக்கணக்குதான். தண்ணீர் ஊற்றுமுன் கிருமிகள் பத்தின் ஆறாம் அடுக்கு, அதாவது பத்து லட்சம். ஊற்றிய பின்னும் அதே ஆறாம் அடுக்கு. எத்தனை மடங்கு குறைந்தது என்று பார்க்க ஆறை ஆறால் வகுத்தாள். ஒன்று. பத்தின் ஒன்றாம் அடுக்கு, அதாவது கிருமிகள் பத்தில் ஒரு பங்காகிவிட்டன.

ஒரு கிருமிகூடச் சாகவில்லையே, எப்படிக் குறையும்?

கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். அடிமானம் இரண்டிலும் அதே பத்து என்றால், வகுக்கும்போது அடுக்குகளைக் கழிக்க வேண்டும். ஆறில் ஆறு போனால் பூஜ்ஜியம். பத்தின் பூஜ்ஜிய அடுக்கு ஒன்று. எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பாடம்! கொழுந்தன் மருந்துக்கும் இதே கூத்தைத்தான் அடித்திருந்தாள். அதில் எட்டாம் அடுக்கு இரண்டாம் அடுக்காக இறங்கியிருந்தது. கழித்தால் ஆறு. அவளோ எட்டை இரண்டால் வகுத்து நான்கு என்று எழுதிவிட்டாள். தேற ஐந்து போதும். அவன் மருந்து அன்றே தேறியிருந்தது.

மேலாளரிடம் சொல்லிவிட்டு மூடி திருகும் மேசைக்குப் போனாள்.

"தம்பி, உங்க மேல தப்பே இல்ல. நான்தான் கணக்கத் தப்பா போட்டுட்டேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அப்படியா அண்ணி? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் எங்கயோ அளவ விட்டுட்டேன்னு நெனச்சேன்."

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. "நாளையிலேர்ந்து தொட்டிக்கே போயிடலாம். மேனேஜர் சரின்னுட்டாரு."

அவன் கையிலிருந்த மூடியைத் திருகி முடித்தான்.

"அம்மாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க அண்ணி. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."